திறவாத சிப்பியும் ஏலக் கணக்கும்

ஏரலை அடுத்துள்ள கொற்கைக்கு இன்று செல்வோர் அங்கே கடலைக் காண்பதில்லை. வயலும் வாழையும் பனையும் குளமுமே கண்ணிற் படும். பாண்டியரின் துறைமுகமாய், யவன நூல்கள் முத்துக்காகப் பெயர் சொல்லிக் குறித்த பட்டினமாய் விளங்கிய ஊர் அது. பொருநையாறு என்று நம் முன்னோர் அழைத்த தாமிரபரணி, ஆண்டுதோறும் கொணர்ந்து சேர்த்த வண்டலால் கடலைக் கிழக்கே தள்ளிவிட்டது. 1870களில் அங்கு அகழ்ந்து பார்த்த கால்டுவெல் பாதிரியார், கொற்கை தூர்ந்தபின் காயலும், காயல் தூர்ந்தபின் தூத்துக்குடியும் எழுந்தன என்று எடுத்துக் காட்டினார். ஒரே வாணிகம், ஒரே கடல். துறை மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றது. இவ்வூர்களெல்லாம் 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவையாகவே இருந்தமையால், இதனை நெல்லைச் சீமையின் வரலாறு என்று கூறுவதில் தவறில்லை.

முத்தின் அழகைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. நாம் ஈண்டு ஆராயப் புகுவது அதனையன்று. கண்ணால் காணாத பொருளுக்கு மனிதன் எவ்வாறு விலை வைக்கின்றான், எவ்விடத்தில் அவன் மதி தடுமாறுகின்றது என்பதே நம் கேள்வி. இக்கேள்விக்கு விடை தேட முத்துக்குளித்துறையை விடப் பொருத்தமான களம் உலகில் அதிகம் இல்லை. மூடிய சிப்பியை ஆயிரக்கணக்கில் குவித்து வைத்து, உள்ளே என்ன இருக்கின்றது என்று எவருக்கும் தெரியாத நிலையில், மாலை நேரத்தில் ஏலம் கூறிய கரை இது.

சிப்பிக்குப் போகுமுன் குதிரையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைக்கு ஹுர்முஸ், கைஸ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து மரக்கலங்கள் வந்தன. வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ இத்துறையை நேரிற் கண்டு எழுதியுள்ளார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய நூலில் ஒரு வியப்பான ஒப்பந்தத்தைக் குறிக்கின்றார். கைஸ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மஅபருக்கு அனுப்ப வேண்டும். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். வழியில் குதிரைக்கு ஊறு நேர்ந்தாலும், இறந்தே போனாலும், அதன் விலையைப் பாண்டியரின் கருவூலம் செலுத்திவிட வேண்டும். காயலில் இறங்கும் சரக்கில் முதல் தேர்வு பாண்டியரின் அமைச்சராயிருந்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மானுக்கு உரியது என்பதும் அந்நூலிலிருந்தே தெரிகின்றது.

இந்த ஒப்பந்தத்தைப் படிக்கும் நம்மவர் சிலர், அரபு வணிகரின் மீது மன்னன் வைத்திருந்த மதிப்புக்குச் சான்று என்று பெருமை கொள்வர். பெருமை ஒருபுறம் இருக்கட்டும். கடலின் ஆபத்து முழுவதையும் ஒருவன் தலையில் ஏற்றிவிட்டால், குதிரையைப் பேணும் மற்றவனுக்கு என்ன கவலை? மார்க்கோ போலோ எழுதுவதைப் பாருங்கள்: இந்நாட்டில் குதிரைகள் சரியான பராமரிப்பு இல்லாமல் ஏராளமாக மடிகின்றன, குதிரை வைத்தியர் இங்கே இல்லை, வெளியிலிருந்து வைத்தியர் வந்துவிடாதபடி வணிகரே பார்த்துக்கொள்கின்றனர் என்கிறார் அவர். குதிரை மடிய மடிய அடுத்த ஆண்டுக்கு விற்பனை பெருகும் அன்றோ? கடலில் இறந்த குதிரைக்கும் மன்னன் பணம் கொடுத்தான், கரையில் இறந்த குதிரைக்குப் பதிலாகவும் மன்னனே வாங்கினான். போரில் குதிரை இல்லாமற் போய்விடுமோ என்ற அச்சம் ஒன்றே அவன் கண்ணை நிறைத்திருந்தது. அந்த அச்சத்தின் விலை ஆண்டுக்கு எத்தனை இலட்சம் தீனார் என்று கணக்கிட்டுப் பார்க்கும் அமைதி அவனுக்கு வாய்க்கவில்லை என்றே கொள்ள வேண்டியுள்ளது.

இனி முத்துக்கு வருவோம். முத்துக்குளிப்பை நம் கரையில் சலாபம் என்பர். கடலடியில் பாறை பரந்த மேடுகளுக்குப் பார் என்று பெயர். தூத்துக்குடிக் கடலில் உள்ள தொல்லாயிரம் பார் அவற்றுள் பேர்பெற்றது. ஒரே சீமையின் இக்கரையில் தூத்துக்குடியும் அக்கரையில் இலங்கையின் மரிச்சுக்கட்டியும் சலாபக் களங்கள். இவ்விரு களங்களிலும் மூழ்கியோர் நம் கரையின் பரதவரும், கீழக்கரை முதலான ஊர்களின் முஸ்லிம்களுமே. பிற்காலத்தில் அரபு நாட்டினரும் இலங்கைக் களத்திற்கு வந்து சேர்ந்தனர். ஆகவே கடல் இரண்டாகப் பிரித்த போதிலும் களம் ஒன்றே.

சலாபம் ஆண்டுதோறும் நடப்பதன்று. சிப்பி முதிர 4 அல்லது 5 ஆண்டுகள் ஆகும். முன்னரே எடுத்தால் முத்து பொடியாயிருக்கும். காத்திருந்தால் முத்து பெருக்கும். ஆனால் 6, 7 ஆண்டுகளைக் கடந்த சிப்பி மடிந்து, முத்தும் மணலோடு போய்விடும். இதற்கிடையே நீரோட்டம் மணலைக் கொணர்ந்து பாரையே மூடிவிடலாம்; திருக்கை மீன் கூட்டம் வந்து மேய்ந்துவிடலாம்; நட்சத்திர மீன் அழித்துவிடலாம். எடுப்பதா, இன்னும் ஓராண்டு பொறுப்பதா என்னும் முடிவே முதல் சோதனை. ஆங்கில அரசு பாரைச் சோதித்துச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தை வணிகரைக் கொண்டு மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இன்ன மதிப்பு என்று அறிவிக்கும். அந்த ஒரு எண்ணை நம்பியே நாகப்பட்டினம் முதல் பம்பாய் வரையுள்ள வணிகர் மூட்டை கட்டிக்கொண்டு வருவர்.

ஒரு நாளின் உழைப்பு முடிந்து படகுகள் கரை சேர்ந்ததும், சிப்பிகளைக் கொட்டு என்னும் அடைப்புக்குள் கொண்டு செல்வர். அங்கே நடைபெற்ற பங்கீடு நம் சிந்தனைக்குரியது. படகுக்காரர்களே தம் சிப்பிகளை மூன்று சமக் குவியலாகப் பிரிக்க வேண்டும். அதன்பின் அதிகாரி வந்து ஒன்றைச் சுட்டி, இது உங்களுக்கு என்பார். மற்ற இரண்டும் அரசுக்கு. எந்தக் குவியல் தமக்கு வரும் என்று பிரிக்கும்போது தெரியாதாகையால், ஒன்றைப் பெரிதாகவும் மற்றதைச் சிறிதாகவும் வைப்பதில் பயனில்லை. எண்ணிப் பார்க்கவும் வேண்டாம், ஒருவரையொருவர் ஐயுறவும் வேண்டாம். அறியாமையையே நீதிக்குக் கருவியாக்கிய இந்த ஏற்பாட்டைக் கண்டவர் எவரும் பாராட்டாமல் இருக்க மாட்டார். பிற்காலத்தில் ஆங்கில எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் வுல்ஃப் 1906ஆம் ஆண்டுச் சலாபத்தில் இளம் அதிகாரியாகப் பணியாற்றியவர் என்பதையும் இங்கே குறித்து வைப்போம்.

அரசின் இரண்டு பங்கும் மாலையில் ஏலத்துக்கு வரும். ஆயிரம் சிப்பி என்பது ஏலத்தின் அளவு. மூழ்கியவர்கள் தம் பங்கைக் கரையிலேயே சில்லறையாக விற்பர். ஒரு டசன், இரண்டு டசன் என்று வாங்குவோர் கூட்டம் அவர்களைச் சூழ்ந்துகொள்ளும். வாங்கிய இடத்திலேயே கத்தியால் பிளந்து பார்ப்பவரும் உண்டு. வண்டிக்காரன், கூலியாள், சோற்றுக்கடைக்காரன் எவரும் விலக்கில்லை.

நம் மதரஸாக்களில் வாணிகப் பாடமான கிதாபுல் புயூஃ ஓதும் பிள்ளைகள், கரர் என்னும் பகுதிக்கு வரும்போது ஒரு சொற்றொடரைச் சந்திப்பர்: ளர்பத்துல் ஃகாயிஸ். மூழ்குபவனின் ஒரு மூழ்கல் என்று பொருள். 'நான் ஒரு முறை மூழ்குகின்றேன். என் கையில் எது வந்தாலும் இத்தனை திர்ஹத்துக்கு அது உன்னுடையது' என்று பேசி விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூ ஸயீதுல் குத்ரீ (ரலி) வழியாக வரும் அறிவிப்பு இப்னு மாஜாவிலும் முஸ்னது அஹ்மதிலும் உள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடரில் வலுக்குறைவு உண்டு என்று ஹதீஸ் கலையினர் கூறுவர். ஆயினும் கரர் வாணிகம் கூடாது என்னும் பொது விதி வலுவான அறிவிப்புகளால் நிலைபெற்றது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. உள்நாட்டுப் பிள்ளைகள் இவ்விடத்தை மனனம் செய்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவர். கடற்கரை ஊர்ப் பிள்ளைகளோ நிறுத்திவிடுவர். "அப்படியானால் நம் ஊர்ச் சலாபம் என்ன ஆவது, உஸ்தாத்?" என்ற கேள்வி வராத ஆண்டு நமக்கு நினைவில் இல்லை.

கேள்வி நியாயமானதே. மூழ்கலை விற்பதும் சிப்பியை விற்பதும் ஒன்றல்ல. மூழ்கலை விற்பவன் தன்னிடம் இல்லாததை விற்கின்றான். கரையில் குவித்த சிப்பியோ கண்முன் உள்ளது, கையில் ஒப்படைக்கக் கூடியது. ஆனால் வாங்குபவன் விலை கொடுப்பது ஓட்டுக்கன்று. மன்னார் வளைகுடாச் சிப்பியின் ஓடு மெல்லியது, பெரிதாக விலை போகாதது. அவன் விலை கொடுப்பது உள்ளிருக்கும் முத்துக்கு. அதுவோ இருக்கின்றதா என்றே தெரியாது. ஆகவே ஷாபிஈ மத்ஹபின் சட்டநூல்கள் சிப்பிக்குள் இருக்கும் முத்தை விற்பதை ஏற்பதில்லை. ஹனபீ மத்ஹபில் காணாத பொருளை வாங்கியவனுக்குக் கண்டபின் விட்டுவிடும் உரிமை உண்டு. சிப்பியில் அவ்வுரிமை என்ன பயன் தரும்? காண வேண்டுமானால் பிளக்க வேண்டும். பிளந்த சிப்பியைத் திருப்பிக் கொடுக்க எங்கே இடம்?

சட்டத்தின் நுணுக்கத்தை அறிஞர் பெருமக்கள் தீர்த்துக்கொள்ளட்டும். வரலாற்றை நோக்கும் நமக்கு வேறொன்று தோன்றுகின்றது. அறியாத பொருளுக்கு விலை பேசும் இடத்தில் இருவரும் நேர்மையாளராயிருந்தாலும் ஒருவர் ஏமாறுவார். ஏமாற்றுவது விற்பவனன்று, வாங்குபவனின் சொந்த ஆசையே. இதனை ஏலக் கணக்கே காட்டிக் கொடுக்கின்றது.

இலங்கைச் சலாபம் 1891க்குப் பிறகு 11 ஆண்டுகள் நடைபெறவில்லை. 1903இல் மீண்டும் தொடங்கியபோது ஏறத்தாழ 4 கோடியே 10 இலட்சம் சிப்பி எடுத்து, அரசு 8 இலட்சத்துக்கு மேல் ரூபாய் ஈட்டியது. 1904இல் சிப்பி ஏறத்தாழ அதே அளவு. வருவாய் 10 இலட்சத்தைத் தாண்டியது. 1905இல் 8 கோடியே 10 இலட்சத்துக்கு மேல் சிப்பி. வருவாய் 25 இலட்சம். இவ்வெண்களை வைத்து ஒரு சிறு கணக்குப் போடுவோம். அரசு விற்றது மூன்றில் இரண்டு பங்கு. அவ்வாறாயின் 1903இல் ஆயிரம் சிப்பியின் சராசரி விலை ஏறத்தாழ 30 ரூபாய். 1905இல் அதே ஆயிரத்தின் விலை ஏறத்தாழ 46 ரூபாய். சந்தைக்கு வந்த சரக்கு இரட்டித்தது. விலையோ இறங்காமல் பாதியளவு மேலும் ஏறியது! நெல்லோ உப்போ இவ்வாறு விற்றதாக நாம் கேட்டதில்லை. முதல் ஆண்டில் ஒருவன் பிளந்த சிப்பியில் கிடைத்த ஆணிமுத்தின் கதை இரண்டாம் ஆண்டில் ஆயிரம் பேரைக் கொணர்ந்தது. இரண்டாம் ஆண்டின் கதை மூன்றாம் ஆண்டில் பதினாயிரம் பேரைக் கொணர்ந்தது. ஒன்றும் கிடைக்காதவன் கதையை எவரும் ஊர் ஊராகச் சொல்லித் திரிவதில்லை. சந்தையில் உலவும் செய்தியெல்லாம் வென்றவர் செய்தியாகவே இருக்கும்போது, கேட்பவன் போடும் கணக்கு எப்படி நேராக இருக்கும்?

ஏலத்தில் இன்னொரு மறைவான கண்ணியும் உண்டு. ஒரே குவியலைப் பத்து வணிகர் மதிப்பிடுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 30 என்பார், ஒருவர் 35 என்பார், ஒருவர் 50 என்பார். பத்துப் பேரின் மதிப்பையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் உண்மைக்கு நெருங்கிய தொகை வரக்கூடும். ஆனால் குவியல் போய்ச் சேருவது அந்த நடு மதிப்புக்காரரிடமன்று. அனைவரினும் மிகுதியாக மதித்துவிட்டவரிடம். ஆகவே ஏலத்தில் வென்றேன் என்று ஒருவர் மகிழும் அக்கணமே, மற்ற ஒன்பது பேரும் இவ்வளவு பெறாது என்று கருதிய பொருளைத் தாம் வாங்கியிருக்கின்றோம் என்பதையும் அவர் உணர வேண்டும். அனுபவம் மிக்க வணிகர் இதனை அறிந்திருந்தனர். பலர் சேர்ந்து கூட்டாக வாங்குவதும், தம் மனத்திற் பட்ட விலையினும் குறைத்தே கேட்பதும், விட்டுக்கொடுத்து எழுந்துவிடுவதும் அவர்களின் வழக்கம். அதிகாரிகள் அதனை வணிகரின் சூழ்ச்சி என்று குறை கூறினர். சூழ்ச்சியும் இருந்திருக்கலாம். ஆயினும் ஒருவர் தனித்துத் தாங்க முடியாத நட்டத்தைப் பலர் தோளில் பகிர்ந்துகொள்ளும் ஷிர்க்கத்தின் அறிவும் அதில் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

இலட்சம் சிப்பி வாங்குபவருக்குச் சராசரி என்று ஒன்று கைகொடுக்கும். ஒரு குவியலில் இல்லாதது இன்னொன்றில் இருக்கும். பன்னிரண்டு சிப்பி வாங்கிய வண்டிக்காரனுக்கு அந்தத் துணை இல்லை. பெரும்பாலான சிப்பியில் விலைபெறும் முத்து இராது என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்தும், பன்னிரண்டும் வெறும் சிப்பியாய்ப் போனபின் இன்னும் பன்னிரண்டு வாங்குகின்றான். முதலில் வாங்கியது ஆசையால். இரண்டாவது வாங்குவது இழந்ததை மீட்பதற்காக. இரண்டாவதே கொடியது. முன்னைய பன்னிரண்டில் முத்து இல்லாமற் போனதை இந்தப் பன்னிரண்டு அறியுமா? சிப்பிக்குக் கடன் பாக்கி உணர்வு கிடையாது.

படிக்காத வண்டிக்காரன்தான் இவ்வாறு தடுமாறினான் என்று எண்ணிவிடக் கூடாது. 1905இன் 25 இலட்ச ரூபாய் லண்டன் முதலாளிகளின் கண்ணையும் மறைத்தது. சிலோன் முத்துக்குளிப்போர் கம்பெனி என்னும் நிறுவனம் 1906 முதல் 20 ஆண்டுகளுக்கு இலங்கைப் பார்களைக் குத்தகை எடுத்தது. ஆண்டுக் குத்தகை 3,10,000 ரூபாய். 1905இன் வருவாயோடு ஒப்பிட்டால் எட்டில் ஒரு பங்குதான். எவருக்கும் ஆதாயமாகவே தோன்றும். ஆனால் அதே ஏட்டில் முந்தைய 11 ஆண்டுகளின் வருவாய் என்ன என்று பார்த்திருந்தால், வெறும் சுழியே வரிசையாய் நின்றிருக்கும். அதற்கு முன்னும் 1837க்குப் பின் ஏறத்தாழ 17 ஆண்டுகள் சலாபமே இல்லாத வரலாறு உண்டு. கம்பெனி 1906இலும் 1907இலும் எடுத்தது. அதன் பின் பார் வெறுமையாயிற்று. சிப்பி இல்லாத கடலுக்கு ஆண்டுதோறும் 3,10,000 ரூபாய் கட்ட எந்த முதலாளியால் இயலும்? குத்தகைக் காலத்தில் பாதி கழியுமுன்னரே கம்பெனி கலைந்தது. கலைந்த கம்பெனியின் பங்குகளை வாங்கியிருந்தவர்கள் கடலைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர்.

இதில் அரசு நடந்துகொண்ட விதத்தையும் சொல்லிவிட வேண்டும். நல்ல ஆண்டுகளின் உச்சத்தில் நின்றுகொண்டு அரசு தன் பாரை விற்றுவிட்டது. ஆபத்து முழுவதும் வாங்கியவன் பக்கம் போயிற்று. அரசு அறிந்தே செய்ததா, நல்லூழால் வாய்த்ததா என்று நாம் தீர்ப்புக் கூற வேண்டியதில்லை. நிலைத்த வருவாயை விரும்பியது என்பது மட்டும் தெளிவு.

ஹெர்ட்மன் என்னும் கடலுயிர் அறிஞர் இலங்கை அரசின் வேண்டுகோளின்படி 1902இல் வந்து பார்களை ஆராய்ந்தார். பெரிய பார் என்னும் பாரைப் பற்றி அவர் எழுதியிருப்பது நம் பொருளுக்கு மிகவும் வேண்டுவது. 1880 முதல் குறைந்தது 11 முறை அப்பாரில் இளஞ்சிப்பி கோடிக்கணக்கில் படிந்தது. மூழ்குவோர் அதனைத் தாய்ப்பார் என்று போற்றினர். ஒவ்வொரு முறையும், இதோ வருகின்றது சலாபம் என்று கரை முழுவதும் நம்பிக்கை கிளைத்தது. ஒரு முறையேனும் அங்கே சலாபம் நடைபெறவில்லை. ஆழ்கடலின் விளிம்பில் அமைந்த அப்பாரைத் தென்மேற்குப் பருவக்காற்றின் அலை ஆண்டுதோறும் துடைத்துச் சென்றது. 11 முறை துடைக்கப்பட்டபின்னும் 12ஆம் முறை சிப்பி படிந்தால் அதே மகிழ்ச்சி. கண்ணுக்கு முன் கோடிக்கணக்கில் கிடக்கும் இளஞ்சிப்பி, கடந்துபோன 11 ஏமாற்றங்களைக் காட்டிலும் வலிமையாகப் பேசுகின்றது. ஹெர்ட்மன் கூறிய வழி எளிது: அங்கிருந்து இளஞ்சிப்பியை வாரி எடுத்துப் பாதுகாப்பான பாரில் கொண்டு போய் இடுங்கள் என்றார்.

அச்சத்திலும் மனிதன் இவ்வாறே அளவு தவறுகின்றான். மூழ்குவோர் சுறாவுக்கு அஞ்சினர். கடற்கட்டி என்னும் மந்திரக்காரர் கரையில் நின்று சுறாவின் வாயைக் கட்டினால் அல்லாமல் படகு ஏற மறுத்தனர். மார்க்கோ போலோ காலத்திலேயே கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு இம்மந்திரக்காரருக்குப் போயிற்று. ஆங்கில அரசும் மூழ்குவோர் மனம் கோணாதிருக்கக் கடற்கட்டிக்கு ஊதியம் கொடுத்துவந்தது. சுறாவால் இறந்தோர் மிக அரிது என்பதே சலாபங்களைக் கண்டெழுதிய அதிகாரிகளின் கூற்று. மந்திரத்தின் வலிமை என்பார் அதனைக் கடற்கட்டி! உயிர் குடித்தது வேறொன்று. மணல்வெளியில் சில வாரங்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் குடிசை போட்டு நெருங்கி வாழ, அழுகும் சிப்பியின் நாற்றமும் ஈயும் சூழ, ஒரே குளத்து நீரைக் குடித்தால் விளைவது என்ன? வாந்திபேதியால் கலைந்த சலாபங்கள் உண்டு. அதற்கு அஞ்சி வராமல் இருந்தவர் குறைவு. பல்லைக் காட்டும் சுறா மனக்கண்ணில் தோன்றுகின்றது. குடிநீரில் இருப்பது தோன்றுவதில்லை. அம்வாஸ் கொள்ளைநோயின்போது கலீபா உமர் (ரலி) அவர்கள் சிரியாவின் எல்லையில் ஸர்ஃக் என்னுமிடம் வரை வந்துவிட்ட போதிலும், தோழர்களைக் கலந்து ஆராய்ந்து மதீனாவுக்குத் திரும்பியதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். வந்த தூரம் வீணாகின்றதே என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை.

நம் பக்கத்துக் கரையில் நிலைமை சற்று வேறு. தூத்துக்குடிச் சலாபம் 1822இல் ஏறத்தாழ 13,000 பவுனும் 1830இல் 10,000 பவுனும் அரசுக்குத் தந்தது. அதன் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒன்றுமில்லை. 1830க்கும் 1856க்கும் இடையில் 13 முறை பாரைச் சோதித்தனர். 13 முறையும் போதிய முதிர்ந்த சிப்பி இல்லை என்று கண்டு, சலாபம் இல்லை என்று அறிவித்தனர். பாம்பன் கால்வாயை அகலப்படுத்தியதால் நீரோட்டம் மிகுந்துவிட்டது என்றார் ஒரு துறைமுக அதிகாரி. சங்கு குளிப்போர் பாரைக் கெடுக்கின்றனர் என்றும் கூறினார். காரணம் எதுவாயினும், வேண்டாம் என்று 13 முறை சொன்னதற்கு எவரும் அன்று அவர்களைப் புகழ்ந்திருக்க மாட்டார்கள். படகு வைத்திருந்தவன் வைதிருப்பான். எடுத்து இழந்த நட்டம் ஏட்டில் ஏறும். எடுக்காமல் தவிர்த்த நட்டம் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. 1860களின் தொடக்கத்தில் பார் மீண்டும் பலன் தந்தது.

மூழ்குவோருக்குக் கூலி கொடுக்காமல் பொருளிலேயே பங்கு கொடுத்த வழக்கம் நம் முளாரபாவை நினைவூட்டும். முதலிட்டவன் முதலை இழப்பான், உழைத்தவன் உழைப்பை இழப்பான், கடனாளி ஆவதில்லை என்பது அதன் அடிப்படை. பாரசீக வளைகுடாவில் இது பெயரளவில் இருந்து, முன்பணம் என்னும் கடன் உள்ளே புகுந்து, தந்தையின் கடனை மகன் மூழ்கித் தீர்க்கும் கொடுமையாக முடிந்தது. 1920களில் பஹ்ரைனில் அதனைத் திருத்தச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. சிறிது காலத்துக்குள் அச்சட்டத்துக்கும் வேலை இல்லாமற் போயிற்று என்பது வேறு கதை.

அந்த வேறு கதையையும் கூறாமல் விட முடியாது. சிப்பிக்குள் முத்து இருக்குமா என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்கிட்ட வணிகர் அனைவரும், வெளியே முத்தின் விலை நிலைத்திருக்கும் என்பதைக் கணக்கிடவே இல்லை. அதனை ஆபத்து என்றே எவரும் நினைத்ததில்லை. ஜப்பானில் மிகிமோட்டோ 1893இல் சிப்பிக்குள் முத்தை விளைவிக்கத் தொடங்கினார். 1920களில் உருண்டையான விளைமுத்து உலகச் சந்தைக்கு வந்தது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சி அதனோடு சேர்ந்துகொண்டது. குவைத்திலும் பஹ்ரைனிலும் முத்து வணிகர் பெருவீடுகள் சரிந்தன. பம்பாய்ச் சந்தையை நம்பிய நம் கரையினரும் தப்பவில்லை. காயல்பட்டினத்தாரில் கொழும்பின் இரத்தினக்கல் வாணிகத்தில் ஏற்கனவே கால் ஊன்றியிருந்தோருக்கு ஒரு பிடி கிடைத்தது; முத்து ஒன்றையே நம்பியிருந்தோர் நிலத்தையும் நகையையும் விற்றுக் கடன் தீர்க்க வேண்டியதாயிற்று.

தூத்துக்குடியில் 1926 முதல் 1928 வரை சலாபம் நடைபெற்றது. அதன் பின் நீண்ட இடைவெளி. 1955இல் சென்னை அரசு மீண்டும் தொடங்கி, 1961 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ச்சியாக நடத்தியது. ஏழு ஆண்டுகள் தொடர்ந்து நடந்ததைக் கண்டவர்கள், இனி ஆண்டுதோறும் நடக்கும் என்றே எண்ணினர். படகும் கயிறும் கல்லும் எட்டாம் ஆண்டுக்காக ஆயத்தமாயின. அந்த எட்டாம் ஆண்டு இதுவரை வரவில்லை. 1973இல் தூத்துக்குடியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியைத் தட்டுகளில் வளர்த்து, உள்ளே கருவை வைத்து, முத்தை விளைவித்துக் காட்டினர். அந்தச் சிப்பியைத் திறப்பவருக்கு உள்ளே என்ன இருக்கும் என்பது ஓரளவு முன்னரே தெரியும்.